அந்தக் கேள்விக்குறி எங்கே போனது?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில், கோல்பர்ன் நகருக்கு அருகே ஒரு சிறு பண்ணை. மழை பொய்த்த 1890கள். பகலெல்லாம் வீட்டு வேலையும் பண்ணை வேலையும் செய்துவிட்டு, கிடைத்த நேரத்தில் ஒரு பெண் நாவல் எழுதிக்கொண்டிருந்தாள். 1899இல் எழுதி முடித்தபோது அவளுக்கு வயது 19. 'மை ப்ரில்லியன்ட் கரியர்' என்று தலைப்பு வைத்தாள். 'எனது ஒளிமயமான வாழ்க்கைப் பாதை' என்று அதைச் சொல்லலாம். ஆனால் அவள் எழுதிய தலைப்பில் 'ஒளிமயமான' என்ற சொல்லை அடுத்து, அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறி இருந்தது.

தலைப்பின் உயிரே அந்தக் கேள்விக்குறியில்தான் இருந்தது. 'கரியர்' என்ற சொல்லே அன்று ஆண்களுக்கு உரியது. பால் கறந்து, துணி துவைத்து, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு, கடைசியில் யாரையாவது கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணுக்கு ஏது கரியர்? அதிலும் ஒளிமயமானது? தன்னைத்தானே கேலி செய்துகொள்ளும் ஒரு சின்னப் பெண்ணின் கசப்பான சிரிப்பு அது. 1901இல் எடின்பரோவின் பிளாக்வுட் நிறுவனம் அந்த நாவலை வெளியிட்டபோது, அட்டையில் கேள்விக்குறி இல்லை. பதிப்பாளர் எடுத்துவிட்டார்.

78 ஆண்டுகள் கழித்து, 1979இல், அதே நாவல் அதே பெயரில் சினிமாவாக வந்தது. இயக்கியவர் ஒரு பெண். தயாரித்தவர், திரைக்கதை எழுதியவர், தயாரிப்பு வடிவமைப்பாளர், உடை வடிவமைப்பாளர் எல்லாருமே பெண்கள். ஒரு பெண் தன் சொந்த வாழ்க்கையை எடுத்துக் கதையாக்கினால், அதைத் திருத்த எத்தனை கைகள் நீள்கின்றன, அந்தத் திருத்தங்களை மீறி அது எப்படி அடுத்த தலைமுறைப் பெண்களின் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பதற்கு இந்தப் படம் உருவான கதையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெண்ணைப் பற்றி. முழுப்பெயர் ஸ்டெல்லா மரியா சாரா மைல்ஸ் ஃபிராங்க்ளின். பிறந்தது 1879 அக்டோபர் 14. வீட்டில் மூத்தவர். சிறுவயதில் பிரிந்தபெல்லா மலைப்பகுதியில், குதிரையும் ஆறும் பசுமையுமாக வளர்ந்தார். பத்து வயது வாக்கில் குடும்பம் அதைவிட வறண்ட, சின்ன இடத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்த இறக்கம் அவரை விட்டு அகலவே இல்லை. நாவலின் நாயகி சிபில்லா மெல்வினும் அப்படியே மலையிலிருந்து இறங்கி, பாஸம் கல்லி என்ற காய்ந்துபோன ஊரில் மாட்டிக்கொள்கிறாள். நாயகியின் அப்பா குடித்துக் கெடுகிறார். அம்மா உழைத்து உழைத்து, கனிவெல்லாம் வற்றி, மகளிடம் எரிந்து விழுகிறாள்.

கையெழுத்துப் பிரதியை உள்ளூர்ப் பதிப்பாளர் ஒருவர் திருப்பி அனுப்பிவிட்டார். ஸ்டெல்லா அதை அப்போது புகழின் உச்சியில் இருந்த எழுத்தாளர் ஹென்றி லாசனுக்கு அனுப்பினார். லாசன் படித்தார், பிடித்துப்போனது, லண்டனுக்குக் கொண்டுபோனார். அதுவரை நல்ல கதை. ஸ்டெல்லாவின் நிபந்தனை ஒன்றுதான்: 'மைல்ஸ் ஃபிராங்க்ளின்' என்று மட்டும் போடுங்கள், முன்னால் 'மிஸ்' வேண்டாம். எழுதியது ஓர் இளம்பெண் என்று தெரிய வேண்டாம். யாரோ வயதான ஆண் என்றே வாசகர் நினைத்துக்கொள்ளட்டும். பெண் எழுதியது என்று தெரிந்த நிமிடமே வாசிக்கிற கண் மாறிவிடும் என்பதை அந்த வயதிலேயே அவர் அறிந்திருந்தார்.

லாசன் முன்னுரை எழுதினார். அன்போடுதான் எழுதினார். ஆனால் இதை எழுதியது ஒரு பெண் என்று சில பக்கங்களிலேயே தனக்குத் தெரிந்துவிட்டதாக அதில் போட்டு உடைத்துவிட்டார். புத்தகம் வெளியாகும்போதே முகமூடி கழன்றிருந்தது.

அடுத்து நடந்ததை எளிதில் ஊகிக்கலாம். உறவினரும் அக்கம்பக்கத்தாரும் புத்தகத்தைப் புரட்டி, இந்தக் கிழவி யார், அந்தக் குடிகாரன் யார் என்று தேட ஆரம்பித்தார்கள். எழுதியவர் பெண், கதை சொல்வதும் பெண். அப்படியானால் இது முழுக்க அவள் வீட்டுக் கதைதானே என்பது அவர்களின் கணக்கு. ஒரு பெண்ணுக்குக் கற்பனை செய்யத் தெரியும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இதைக் கிண்டல் செய்தே அவர் இரண்டாவது நாவலான 'மை கரியர் கோஸ் பங்' எழுதினார். பதிப்பாளர்கள் தொடத் தயங்கினார்கள். அது 1946இல்தான் வெளிவந்தது. முதல் நாவலையோ 1910 வாக்கில் அவரே விற்பனையிலிருந்து விலக்கிக்கொண்டார். தான் உயிரோடு இருக்கும்வரை அதை மறுபடி அச்சிட அவர் விடவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஒரு நாட்டின் இலக்கியத்தில் புது வாசல் திறந்த புத்தகத்தை, எழுதியவரே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பூட்டி வைத்தார். தன் வாழ்க்கையை எழுதிய குற்றத்துக்கு ஒரு பெண் கட்டிய அபராதம் அது.

அவர் வாழ்க்கை என்னவோ அங்கே நின்றுவிடவில்லை. வீட்டு வேலைக்காரப் பெண்களைப் பற்றி எழுதுவதற்காக, தானே வேறு பெயரில் வேலைக்காரியாகப் போய்ப் பணிபுரிந்தார். 1906இல் அமெரிக்கா போனார். சிகாகோவில் பெண்கள் தொழிற்சங்க இயக்கத்தில் ஆலிஸ் ஹென்றியோடு சேர்ந்து வேலை செய்தார், அதன் பத்திரிகையைக் கவனித்தார். முதல் உலகப் போரின்போது ஸ்காட்டிஷ் பெண்கள் நடத்திய மருத்துவமனையில் சேர்ந்து மாசிடோனியப் போர்முனையில் பணியாற்றினார். 1932இல் ஊர் திரும்பினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1954இல் இறந்தார். நாவல் 1966இல் மறுபதிப்பாகி, மீண்டும் பெண்களின் கைகளுக்கு வந்தது.

*

இனி சினிமா. அன்றைய ஆஸ்திரேலியாவில் ஒரு பெண் முழுநீளப் படம் இயக்குவது என்பது மறந்தே போன விஷயம். சிட்னியில் மெக்டோனா சகோதரிகள் மூவர் இருந்தார்கள். இசபெல் நடிப்பார், ஃபில்லிஸ் தயாரிப்பையும் கலையையும் பார்த்துக்கொள்வார், பாலெட் இயக்குவார். மௌனப்பட காலத்திலிருந்து படமெடுத்த அவர்களின் கடைசி முழுநீளப் படம் 1933இல் வந்தது. அதற்குப் பிறகு 46 ஆண்டுகள் வெற்றிடம்.

அந்த இடைவெளியை உடைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தயாரிப்பாளர் மார்கரெட் ஃபிங்க். இந்த நாவலைப் படமாக்கியே தீர்வது என்று பல ஆண்டுகள் அதைச் சுமந்துகொண்டு அலைந்தவர். இன்னொருவர் கில்லியன் ஆம்ஸ்ட்ராங். 1973இல் அரசு புதிதாகத் தொடங்கிய திரைப்படப் பள்ளியின் முதல் அணியில் தேர்வான 12 பேரில் ஒருவர். ஃபிங்க் தயாரித்த 'தி ரிமூவலிஸ்ட்ஸ்' படத்தின் கலைத்துறையில் அவர் வேலை பார்த்தார். இருவருக்கும் அறிமுகம் அங்கேதான். அடிலெய்டில் 14 வயதுப் பெண்கள் மூவரின் ஆசைகளையும் கனவுகளையும் கேட்டு, 'ஸ்மோக்ஸ் அண்ட் லாலீஸ்' என்ற ஆவணப்படத்தை ஆம்ஸ்ட்ராங் ஏற்கெனவே எடுத்திருந்தார். அந்த மூவரை அவர் விடவில்லை. பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் போய்ப் படமெடுத்தார். பதின்வயதுப் பெண் பேசுவதை அலுக்காமல் கேட்கும் காது அவருடையது. சிபில்லாவின் கதையை ஒப்படைக்க இதைவிடத் தகுதியான ஆள் கிடைத்திருக்க முடியாது. படம் வெளியானபோது ஆம்ஸ்ட்ராங்குக்கு 28 வயது.

திரைக்கதை எழுதிய எலினார் விட்கோம்ப் பற்றியும் சொல்ல வேண்டும். இதற்குச் சற்று முன்னால்தான் அவர் 'தி கெட்டிங் ஆஃப் விஸ்டம்' நாவலையும் திரைக்கதையாக்கியிருந்தார். அதுவும் ஒரு பெண் தன் பள்ளிப் பருவத்தை வைத்து எழுதிய கதை. அதன் ஆசிரியர் பெயர் ஹென்றி ஹேண்டல் ரிச்சர்ட்சன். அதுவும் ஆண் பெயருக்குப் பின்னால் ஒளிந்த ஒரு பெண், எதெல். ஆண் பெயர் சூடிய இரண்டு பெண்களின் இளமையை அடுத்தடுத்துத் திரைக்குக் கொண்டுவந்தது ஒரே பெண்ணின் பேனா.

இவர்கள் எல்லாம் தற்செயலாக ஒன்றுகூடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. 1970களில் ஆஸ்திரேலிய அரசு சினிமாவுக்குப் பணம் ஒதுக்கியது, பள்ளி தொடங்கியது. அதே காலத்தில் பெண்கள் இயக்கம் வீதியில் இருந்தது. சிட்னியில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து கேமராவையும் எடிட்டிங்கையும் கற்றுக்கொண்டிருந்தார்கள். திறமை எல்லாக் காலத்திலும் இருந்தது. 46 ஆண்டுகளாக இல்லாமல் போனது வாய்ப்பும் பணமும்தான். இந்தப் படத்திலும் மாநில அரசின் திரைப்படக் கழகம் முதலீடு செய்தது.

சிபில்லாவாக நடித்தவர் ஜூடி டேவிஸ், நாடகப் பள்ளியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்தவர். முகமெல்லாம் புள்ளிகள், அடங்காத சுருட்டை முடி. நாவலில் சிபில்லா தான் அழகில்லை என்று சொல்லிச் சொல்லி நொந்துகொள்வாள். சினிமாக்காரர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? ஓர் அழகியைப் பிடித்து, மூக்குக்கண்ணாடி மாட்டி, இடைவேளைக்குப் பிறகு கழற்றிவிடுவார்கள். இங்கே அந்த வித்தை நடக்கவில்லை. பாட்டி வீட்டில் அவளைச் சீர்படுத்தப் பார்க்கிறார்கள். முடி கடைசிவரை அடங்குவதில்லை.

படத்தின் தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. வெளியே புழுதிப் புயல். வீட்டிலுள்ளவர்கள் துணியையும் கால்நடைகளையும் காப்பாற்ற ஓடுகிறார்கள். உள்ளே சிபில்லா தான் எழுதியதை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறாள், இந்தக் கதை முழுக்க என்னைப் பற்றியது என்று கூச்சமே இல்லாமல் அறிவிக்கிறாள். இந்தச் சுயநலம் வேண்டுமென்றே நம் முன் வைக்கப்படுகிறது. ஆண் கலைஞனிடம் இருந்தால் 'தீவிரம்' என்று பெயர் பெறும். பெண்ணிடம் இருந்தால் 'திமிர்'.

அவள் முன்னால் மூன்று பெண்கள் மூன்று வழிகளாக நிற்கிறார்கள். காதலித்துக் கட்டிக்கொண்டு வறுமையில் தேய்ந்த அம்மா. கணவன் வேறொருத்தியோடு போய்விட, அவன் செய்த தப்புக்குத் தான் தலைகுனிந்து வாழும் ஹெலன் சித்தி. கல்யாணம் இல்லாமல், ஆனால் சொத்தோடு, தலைநிமிர்ந்து வாழும் கஸ்ஸி அத்தை. சிபில்லாவிடம் சொத்து இல்லை, ஆகவே மூன்றாவது வழியும் அடைத்திருக்கிறது. அப்பா வாங்கிய கடனின் வட்டிக்கு ஈடாக, மக்ஸ்வாட் என்ற படிக்காத குடியானவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அவளை அனுப்புகிறார்கள். சேறும் சகதியுமான வீடு. சுவரில் ஒட்டிய பழைய செய்தித்தாள்களை வைத்தே பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்கிறாள். குடும்பக் கடனுக்கு மகளின் உழைப்பு அடமானம் என்பது நமக்குப் புரியாத ஏற்பாடு ஒன்றும் இல்லை.

பிறகு ஹாரி பீச்சம். சாம் நீல் நடித்த பாத்திரம். பணக்காரன், பொறுமைசாலி, அவளைச் சிரிக்க வைப்பவன், அவளிடம் சாட்டையடி வாங்கியும் விலகாதவன். அவன் கேட்கிறான். அவள் அவகாசம் கேட்கிறாள். அவன் காத்திருந்து, மறுபடி தேடிவந்து கேட்கிறான். அவள் வேண்டாம் என்கிறாள்.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவிகள் சிலருக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். படம் முடிந்ததும் அறையே கொதித்தது.

"அவன்கிட்ட என்ன குறை மேடம்? குடிக்கல, அடிக்கல. இவ்வளவு நல்லவன வேண்டாங்கிறா!" என்றாள் ஒருத்தி.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏண்டி, குறை இருந்தாத்தான் வேண்டாம்னு சொல்லணுமா?"

அரைமணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. அவர்களே சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்த இரண்டாவது கேள்விதான் இந்தப் படத்தின் அரசியல் என்று நான் நினைக்கிறேன். கெட்டவனை மறுக்கும் பெண்ணை எல்லாருக்கும் பிடிக்கும். அவள் மறுப்பதற்கு ஊர் ஒப்புக்கொள்ளும் காரணம் இருக்கிறது. நல்லவனை, தானே விரும்புகிற ஒருவனை மறுப்பவளுக்குக் காரணமாக அவளுடைய ஆசை மட்டும்தான் இருக்கிறது. அதை ஒரு காரணமாக ஊர் ஒப்புக்கொள்வதில்லை. ஹாரியை அவ்வளவு நல்லவனாகக் காட்டியதால்தான் அவளுடைய 'வேண்டாம்' அவ்வளவு கனக்கிறது.

*

ஆனால் அந்த 'வேண்டாம்'க்குப் பிறகு நாவலும் படமும் வேறு வேறு திசையில் போகின்றன.

நாவலின் முடிவு இருட்டு. ஹாரி போய்விட்டான். சிபில்லா அதே பண்ணையில், அதே வேலையில், சோர்ந்துபோய் நிற்கிறாள். உழைத்துச் சாகும் தன் நாட்டு ஆண்களையும் பெண்களையும் நினைத்துப் பெருமையும் துயரமும் கொள்கிறாள். தான் எழுத்தாளர் ஆவோம் என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை. தலைப்பிலிருந்த கேள்விக்குறி கடைசிப் பக்கம்வரை அவளைத் துரத்துகிறது. எழுதும்போது ஸ்டெல்லாவுக்கே விடை தெரியாது, பாருங்கள்.

படத்தில் வேறு. விடியற்காலை. சிபில்லா தன் கையெழுத்துப் பிரதியைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து, பண்ணை வாயிலில் உள்ள தபால் பெட்டியில் வைக்கிறாள். வேலிக் கதவில் சாய்ந்து நிற்கிறாள். சூரிய ஒளி முகத்தில் விழுகிறது. அந்த நாவல் 1901இல் எடின்பரோவில் வெளியானது என்ற எழுத்துகள் திரையில் வருகின்றன. அதாவது நாயகிக்கு, அவளை எழுதியவளின் வாழ்க்கையையே முடிவாகக் கொடுத்துவிட்டார்கள். பாதிக் கற்பனையான ஒரு கதை, 78 ஆண்டுகள் கழித்து வேறு பெண்களின் கையில் முன்னைவிடச் சுயசரிதையாக ஆனது. மைல்ஸ் ஃபிராங்க்ளின் ஆயுள் முழுக்க 'சிபில்லா நானில்லை' என்று மறுத்துவந்தார். படம் 'இல்லை, நீங்கள்தான்' என்று அவருக்கு மாலை போட்டது.

இந்த முடிவைப் பார்த்து ஒவ்வொரு முறையும் எனக்குக் கண் கலங்குகிறது. ஆனாலும் ஒரு நெருடல் உண்டு. நாவலில் சிபில்லா மறுப்பதற்குக் காரணம் ஒன்றல்ல. உடலைப் பற்றிய பயம், அம்மாவின் வாழ்க்கை தந்த கலக்கம், தன்னை யாரும் ஆளக்கூடாது என்ற வெறி, தான் அழகில்லை என்ற தாழ்வுணர்ச்சி எல்லாம் சிக்கலாகப் பின்னிக் கிடக்கின்றன. படத்தில் அந்தச் சிக்கல் பெரும்பாலும் பிரிக்கப்பட்டு, கல்யாணமா எழுத்தா என்ற நேர்க்கோடாகிறது. புத்தகம் அச்சேறியது என்று நமக்குச் சொல்லிவிடுவதால், அவள் மறுத்தது சரி என்று நிரூபணமும் ஆகிவிடுகிறது. அச்சேறாமல் போயிருந்தால்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு எதையும் சாதிக்காமல், மாடு கறந்துகொண்டே வாழ்ந்த ஆயிரம் பெண்களின் 'வேண்டாம்' தப்பா? அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு நாவலின் இருட்டுத்தான் வேண்டும். 1901இல் பதிப்பாளர் எடுத்த கேள்விக்குறியை 1979இன் தோழிகளும் திருப்பி வைக்கவில்லை. அவர்கள் காலத்துப் பெண்களுக்கு அப்போது வேண்டியிருந்தது ஒரு விடியற்காலை. அதையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை.

நாவலும் படமும் பேசாத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் புல்வெளிகள் பூர்வகுடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டவை. புத்தகம் வந்த மறுவருடம், 1902இல், ஆஸ்திரேலியப் பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது. பெரும்பாலான பூர்வகுடிப் பெண்கள் அதில் சேர்க்கப்படவில்லை. அந்த உரிமை எல்லாப் பூர்வகுடி மக்களுக்கும் 1962இல்தான் வந்தது. மக்ஸ்வாட் வீட்டுப் பெண்மணியைச் சிபில்லா பார்க்கும் பார்வையிலும் மேட்டிமை தெரிகிறது. 'இந்தக் கதை முழுக்க என்னைப் பற்றியது' என்று சொல்லும் உரிமை எந்தெந்தப் பெண்களுக்கு எப்போது கிடைத்தது என்பதையும் சேர்த்துத்தான் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

படம் 1979 மே மாதம் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. ஆஸ்திரேலியத் திரைப்பட நிறுவனத்தின் ஆறு விருதுகள், சிறந்த படம், சிறந்த இயக்கம் உட்பட. ஜூடி டேவிஸுக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது. உடை வடிவமைப்புக்காக அன்னா சீனியர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். படம் வந்த பின் நாவல் உலகெங்கும் புதிய வாசகிகளைப் பெற்றது. பெண்களின் மறக்கப்பட்ட நூல்களை மீட்டெடுத்த லண்டனின் விராகோ பதிப்பகம் 1980இல் அதை வெளியிட்டது. ஆம்ஸ்ட்ராங் 1994இல் 'லிட்டில் விமன்' எடுத்தார். அதிலும் எழுத்தாளராகத் துடிக்கும் ஒரு பெண், அதுவும் எழுதியவளின் வாழ்க்கையிலிருந்து பிறந்த கதை.

இன்னும் ஒரு செய்தி இருக்கிறது. மைல்ஸ் ஃபிராங்க்ளின் சிக்கனமாக வாழ்ந்து சேர்த்த பணத்தை ஓர் இலக்கிய விருதுக்காக எழுதி வைத்துவிட்டுப் போனார். 1957 முதல் வழங்கப்படும் மைல்ஸ் ஃபிராங்க்ளின் விருது அந்த நாட்டின் பெருமைமிக்க விருது. 2009இலும் 2011இலும் அதன் இறுதிப் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. ஒரு பெண்ணின் சேமிப்பு, ஆண்களுக்கு மட்டுமே போகும் பட்டியல்! ஆத்திரப்பட்ட பெண் எழுத்தாளர்களும் பதிப்பாளர்களும் கூடி, பெண்களின் எழுத்துக்கென்று வேறொரு விருதைத் தொடங்கினார்கள். 2013இல் முதல் விருது வழங்கப்பட்டது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஸ்டெல்லா.

ஆண் என்று நினைக்கட்டும் என்று அவர் மறைத்த பெயர் அதுதான். அதைத் தேடி எடுத்து விருதின் மேல் எழுத ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.